போனக்காட்டுப் பஞ்சாரத்துக்குள்ளே!

போனக்காட்டில் பொழுது விடியும்போது இரண்டு சேவல்கள் கூவும். ஒன்று தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால், நமக்கெல்லாம் பழகிய கொக்கரக்கோ. மற்றது தேயிலைச் சரிவு முடிந்து காடு தொடங்கும் இடத்திலிருந்து வரும். வெட்டி வெட்டி, கரகரப்பாக, கடைசியில் இழுவையே இல்லாமல் சட்டென்று அறுந்து நிற்கும் குரல். அந்தச் சேவலை வளர்ப்பவர் யாருமில்லை. அது சாம்பல் காட்டுக்கோழி. இந்தியத் தீபகற்பத்துக்கு வெளியே உலகில் எங்கும் இயற்கையாக வாழாத பறவை. சேவலின் கழுத்து இறகுகளில் மஞ்சள் புள்ளிகள் மெழுகு பூசியதுபோல் மின்னும்!

இந்த இரண்டு குரல்களுக்கும் நடுவில் நின்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. காரணம் இருக்கிறது. பியர் சோனரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரிப் பக்கம் வந்து தங்கிச் சுற்றினார். 1782இல் வெளியான தன் பயணநூலில் இந்தச் சாம்பல் பறவையை விவரித்து, வீட்டுக்கோழியின் மூதாதை இதுதான் என்று எழுதினார். பறவையின் அறிவியல் பெயரிலேயே அவர் இருக்கிறார்: காலஸ் சோனராட்டி. பிறகு சார்லஸ் டார்வின் வந்தார். 1868இல் வெளிவந்த நூலில், வீட்டுக்கோழிகள் எல்லாமே சிவப்புக் காட்டுக்கோழியின் வழிவந்தவை என்று முடித்துவிட்டார். சோனராவை எல்லோரும் மறந்தார்கள். நூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து, 2008இல், சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் முன்னின்ற ஆய்வுக்குழு ஒன்று கோழியின் மரபணுக்களைப் பிரித்துப் பார்த்தது. வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்கும் மஞ்சள் காலுக்கும் காரணமான மரபணு வடிவம் சிவப்புக் காட்டுக்கோழியிடமிருந்து வரவில்லை. பெரும்பாலும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்தே வந்திருக்கிறது!

முதன்மை மூதாதை சிவப்புதான், அதில் டார்வின் சொன்னது நிற்கிறது. ஆனால் சந்தையில் தலைகீழாகத் தொங்கும் கோழியின் மஞ்சள் கால், அமெரிக்கப் பண்ணையில் நிற்கும் பிராய்லரின் மஞ்சள் தோல், இதெல்லாம் நம் மலைக்காட்டுப் பறவையின் கொடை. போனக்காட்டில் கொடுத்தவனும் வாங்கியவனும் ஒரே காலையில், ஒரு ஓடை அகலத்துக்கு இப்புறமும் அப்புறமும் நின்று கூவிக்கொள்கிறார்கள். இதைக் கேட்டு யாரால் சும்மா நிற்க முடியும்?

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா கடந்து, காணித்தடம் வனச் சோதனைச்சாவடியில் பெயர் எழுதி, ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வந்தால் போனக்காடு. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்துக்கு ஆண்டின் தொடக்கத்தில் மலையேறப் போகிறவர்கள் நடக்கத் தொடங்கும் இடம் இதுதான். மற்றவர்கள் வருவது மூடிக் கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலையையும் 25 ஜி.பி. பங்களாவையும் பார்க்க. பேய்க்கதை அந்தப் பங்களாவுக்கு வாய்த்துவிட்டது. இளைஞர்கள் கேமராவோடு அங்கேதான் ஏறுகிறார்கள். நான் சொல்கிறேன், பங்களா கிடக்கட்டும். லயத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வாருங்கள். உயிருள்ளதெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

தெற்கத்தித் தமிழ்நாட்டிலிருந்து தேயிலை பறிக்க மலையேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். ஒரே வாக்கியத்தில் தமிழும் மலையாளமும் பேசுவார்கள். தொழிற்சாலை நின்று பத்தாண்டுக்கு மேலாகிறது. சம்பளப் பாக்கி, பணிக்கொடைப் பாக்கி என்று அவர்கள் நடந்த நடை பெரிய கதை. அந்த வறண்ட காலத்தில் பின்கட்டில் திரிந்த சேவல்தான் அவசரச் செலவுக்குக் கைகொடுத்தது. பேருந்துக் காசு வேண்டுமா, மருந்து வாங்க வேண்டுமா, திருவிழாவுக்கு மகள் வருகிறாளா, ஒரு சேவல் கூடையேறும். இது போனக்காட்டில் மட்டும் நடக்கும் காரியமும் இல்லை. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவிலிருந்த 85 கோடிக் கோழியினப் பறவைகளில் கிட்டத்தட்ட 32 கோடி, பண்ணையில் இல்லை, வீட்டுக் கொல்லையில் இருந்தன. முந்தைய கணக்கெடுப்பைவிட அது ஏறத்தாழ 46 விழுக்காடு கூடுதல். பெரிய பண்ணைகள் பெருகிய அதே காலத்தில்தான் கொல்லைக் கோழியும் இப்படிப் பெருகியிருக்கிறது!

சரி, உள்ளே வாருங்கள். குனிந்து வாருங்கள், கூரை தாழ்வு.

முதலில் கண்ணில் படுவது பஞ்சாரம். மூங்கில் சிம்பில் பின்னிய பெரிய கவிகூடை. பகலில் குஞ்சுகளையும் தாயையும் இதற்குள் போட்டு வெயிலில் வைப்பார்கள். அதற்கப்பால், தரையிலிருந்து இடுப்பளவு உயர்த்திக் கட்டிய மரக்கூடு. கீழே காற்று ஓடும், எச்சம் விழும், அந்த எச்சம் பின்னால் வாழைக்குப் போகும். கூட்டுக்கு உள்ளே இரண்டு குறுக்குக் கம்புகள். கோழி தரையில் தூங்காது, கம்பில் ஏறி விரல்களை மடக்கிப் பிடித்துத் தூங்கும். வளர்ந்த ஒரு நாட்டுக்கோழிக்குக் கூட்டுக்குள் இரண்டு சதுர அடியாவது வேண்டும் என்பது கணக்கு. போனக்காட்டுக் கூட்டில் கம்பி வலை மிக நெருக்கமாக இருக்கிறது. அதற்கான காரணத்துக்குப் பிறகு வருகிறேன், அது தனி நாடகம்.

மூலையில், உமி பரப்பிய பழைய கூடையில், அடைக்கோழி உட்கார்ந்திருக்கிறது. கண் அசையாது, உடம்பு அசையாது. கையை நீட்டினால் இறகெல்லாம் சிலிர்த்து இரண்டு மடங்காகும். முட்டைகளுக்கு நடுவே ஒரு துண்டுக் கரியும் துருப்பிடித்த ஆணி ஒன்றும் இருந்தன. இடி இடித்தால் கரு கலங்கும், இரும்பு இருந்தால் காக்கும் என்பது தமிழ்நாட்டின் பல ஊர்களிலும் உள்ள நம்பிக்கை. அறிவியல் அதை ஒத்துக்கொள்ளுமா என்பது வேறு பேச்சு. இடியும் மழையும் ஓயாத இந்த மலையில் ஒரு தாய்க்கோழிக்காக ஒருவர் நினைவாக ஆணி தேடி எடுத்து வைக்கிறாரே, அந்த அக்கறை எனக்குப் பிடித்திருந்தது.

இருபத்தோரு நாள். ஒரு வாரம் ஆனதும் இருட்டில் முட்டைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். கரு பிடித்திருந்தால் உள்ளே சிவப்பு நரம்புகள் சிலந்தி வலை விரித்திருக்கும். வெறும் முட்டை வெளிச்சத்தை அப்படியே விடும். ஆனால் உண்மையான கூத்து கடைசி இரண்டு நாளில். ஓடு உடைவதற்கு முன்பே குஞ்சு உள்ளேயிருந்து கத்தத் தொடங்கிவிடும். தாய் மெல்லிய க்ளக் க்ளக் என்று பதில் சொல்லும். முட்டைக்குள்ளிருக்கும்போதே அம்மாவின் குரல் அதற்குப் பாடமாகிவிடுகிறது! நான் கூடையருகே காதை வைத்துக் கேட்டேன். முட்டை கத்துகிறது. நம்புங்கள், முட்டை கத்துகிறது.

வெளியே வந்த குஞ்சு ஈரமாக, பார்க்கவே பாவமாக இருக்கும். அது சாப்பாட்டுக்கு அவசரப்படாது. பொரிவதற்குச் சற்று முன் மிச்ச மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் வருகிறது. அதை வைத்துக்கொண்டு இரண்டு நாளுக்கு மேலும் தாக்குப்பிடிக்கும். பொரித்த அன்றே குஞ்சுகளைப் பெட்டியில் அடைத்து நூற்றுக்கணக்கான மைல் அனுப்ப முடிவது இதனால்தான்.

அப்படி அனுப்பிய ஒரு பெட்டிதான் இறைச்சிக்கோழித் தொழிலையே தொடங்கிவைத்தது! 1923, அமெரிக்காவின் டெலவேர் மாநிலம், ஓஷன் வியூ என்ற சிற்றூர். செசில் ஸ்டீல் என்ற இல்லத்தரசி வீட்டு முட்டைத் தேவைக்காக 50 குஞ்சுகள் கேட்டிருந்தார். வந்து இறங்கியவை 500. திருப்பி அனுப்பாமல் ஒரு சின்னக் கொட்டகை போட்டு வளர்த்தார். பிழைத்தவற்றைப் பதினெட்டு வாரத்தில் இறைச்சிக்கென்றே விற்றார், நல்ல காசு. மறுவருடம் அவரே 1,000 கேட்டு வாங்கினார். 1926இல் அவர் கொட்டகையில் 10,000 கோழிகளுக்கு இடம் இருந்தது. அதுவரை இறைச்சி என்பது முட்டைக்கோழி வளர்ப்பில் மிஞ்சியது. இறைச்சிக்காகவே கோழி என்ற எண்ணம் அந்தப் பின்கட்டிலிருந்து ஊரெல்லாம் பரவியது. அவருடைய முதல் கொட்டகையை இன்றும் வரலாற்றுச் சின்னமாகப் பாதுகாக்கிறார்கள். கோழிக்கொட்டகை, வரலாற்றுச் சின்னம்! எனக்கு இந்தச் செய்தி தெரிந்த நாள் முழுக்க யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டே திரிந்தேன்.

அதற்குப் பிறகு பறவையே மாறிவிட்டது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957ஆம் ஆண்டு வகைக் கோழியையும் 2005ஆம் ஆண்டு வகைக் கோழியையும் ஒரே தீவனம் கொடுத்துச் சேர்த்து வளர்த்தார்கள். 2014இல் முடிவு வெளியானது. 56ஆம் நாளில் பழைய வகை 905 கிராம். புதியது 4,202 கிராம். ஒரே வயது, ஒரே சாப்பாடு! நம்மூர்க் கறிக்கடையில் கிடைக்கும் இரண்டு கிலோ பிராய்லருக்கு வயது ஐந்து, ஆறு வாரம்தான். போனக்காட்டு லயத்துச் சேவல் ஒரு கிலோ தொட நான்கைந்து மாதம் எடுத்துக்கொள்கிறது.

அந்த நான்கைந்து மாதத்தைத்தான் நான் பார்க்கப் போனேன்.

முதல் வாரம் சூட்டின் வாரம். தாய் இருந்தால் கவலையில்லை, அதன் இறக்கைக்குள் எல்லாம் நடந்துவிடும். விலைக்கு வாங்கிய குஞ்சு என்றால் தாயின் வேலையை நாம் செய்ய வேண்டும். அட்டையையோ தகரத்தையோ வட்டமாக வளைத்து, உமி பரப்பி, மேலே காகிதம் விரித்து, பல்பைத் தொங்கவிட வேண்டும். முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைக்க வேண்டும். வெப்பமானி தேவையே இல்லை, குஞ்சுகளே சொல்லும். பல்புக்கடியில் குவிந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் குளிர்கிறது. ஓரத்துக்குப் போய் வாய் பிளந்தால் சூடு அதிகம். வட்டம் முழுக்கச் சிதறிக் கொத்திக்கொண்டும் தூங்கிக்கொண்டும் இருந்தால் எல்லாம் சரி. வட்டம் ஏன் என்றால், மூலை இருந்தால் குஞ்சுகள் அதில் நெருங்கி மிதிபட்டுச் சாகும்.

"மொத வாரம் தாண்டிட்டா பாதி பொழச்ச மாதிரி மக்களே. மிச்சப் பாதி மழை கையில இருக்கு" என்றார் லயத்துப் பாட்டி.

மழை இங்கே சாதாரணமாக இல்லை. தரை ஈரமானால் உமி கட்டிபடும், அதிலிருந்து இரத்தக்கழிச்சல் வரும், குஞ்சுகள் கொத்துக் கொத்தாகப் போகும். அதனால் காலையில் முதல் வேலை உமியைக் கிளறிவிடுவது, நனைந்த இடத்தை அள்ளி வெளியே போடுவது, சுண்ணாம்புத் தூள் தூவுவது. பாட்டி உமியை ஒரு பிடி எடுத்து இறுக்கினார். கையைத் திறந்ததும் உதிர்ந்தது. "உதுந்தா நல்லது. உருண்டையா நின்னா மாத்திப்போடணும்." இந்தச் சோதனையை வணிகப் பண்ணைக்குப் போகும் கால்நடை மருத்துவரும் செய்வார்!

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்: கரையான் பானை. கோழிக்குஞ்சு வளரப் புரதம் வேண்டும். புரதத்தை மூட்டையாக வாங்கக் காசு வேண்டும். அதற்கு நம் ஊர்ப் பெண்கள் கண்டுபிடித்த வழி, கரையானைக் கூப்பிட்டு வரவழைப்பது. பழைய மண்பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், இற்றுப்போன ஓலை, மட்டை எல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் கவிழ்த்து வைக்க வேண்டும். ஒரு இரவு போதும். காலையில் பானையைத் தூக்கினால் உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கொழுத்து நெளியும். பானை நகரும் சத்தம் கேட்டதுமே குஞ்சுகள் ஓடி வருகின்றன. நான் பார்த்த அன்று ஒரு குஞ்சு பானைக்குள்ளேயே குதித்துவிட்டது!

மீதிச் சாப்பாடு: அரிசிக் குருணை, தவிடு, சீவிய தேங்காயின் மிச்சம், வேகவைத்த மரச்சீனித் துண்டு, பலாக்காலத்தில் வெந்த பலாக்கொட்டை. மற்றது அவை தாமே தேடிக்கொள்வது. தேயிலைத் தூருக்கடியில் புழு, ஓடையோரம் பூச்சி, இளம்புல். கோழி திரியும் முற்றத்தில் அட்டை தங்காது என்று பாட்டி அடித்துச் சொன்னார். போனக்காட்டு அட்டைகள் என் காலில் ஏறிய பிறகு அவர் பேச்சை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. பச்சையும் மக்காச்சோளமும் தின்னும் கோழிக்குத்தான் காலும் கொழுப்பும் மஞ்சளாகும். அந்தச் சாம்பல் முன்னோர் கொடுத்தது மஞ்சளை உடம்பில் தேக்கிவைக்கும் திறமையை. மஞ்சளையே தின்றுதான் சேர்க்க வேண்டும்.

நெருக்கமான கம்பி வலை என்றேனே. கூட்டுக்கு எதிரிகள் வரிசைகட்டி நிற்கிறார்கள். பகலில் கீரியும் பருந்தும் உடும்பும். இரவில் மரநாய், காட்டுப்பூனை, பாம்பு. பெப்பாறை வனவிலங்குச் சரணாலயத்தின் காடு வேலிக்கு அப்பால்தான். கீரி ஒன்றைத் தின்னப் பத்தைக் கொன்றுபோடும். பாம்பு சந்து வழியாக உள்ளே போய், விழுங்கிய பின் அதே சந்தில் வெளியே வர முடியாமல் கூட்டிலேயே கிடக்கும். இவற்றையெல்லாம் எதிர்த்துக் கோழிகளிடம் இருப்பது குரல். வானத்தில் பருந்து தெரிந்தால் சேவல் எழுப்பும் ஒலி வேறு, தரையில் பூனை வந்தால் எழுப்பும் ஒலி வேறு. ஆய்வாளர்கள் இதைப் பதிவு செய்து, வெறும் ஒலியை மட்டும் போட்டுக் காட்டியே சோதித்திருக்கிறார்கள். வானத்து அபாயக் குரல் கேட்டால் கோழிகள் பதுங்கும். தரை அபாயக் குரல் கேட்டால் கழுத்தை நிமிர்த்திச் சுற்றிப் பார்க்கும். லயத்துப் பெண்களுக்கு இதற்கு ஆய்வகம் தேவைப்படவில்லை. அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அக்கா, கோழிச் சத்தம் கேட்டதும் தலையைத் தூக்காமலே "பருந்து" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தேன். மேலே பருந்து வட்டமிட்டுக்கொண்டிருந்தது!

இதையெல்லாம் கேட்டு, திருவனந்தபுரத்தில் நாலு சென்ட் வீட்டில் இருப்பவர்களுக்கும் கை பரபரக்கும். எனக்குத் தெரியும். அவர்களுக்கு ஒரு கணக்கு சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆசையில் தொடங்கி மூன்றாம் மாதம் கூட்டை விற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சிறுவிடை நாட்டுக்கோழியின் லாபம் அது மேயும் மண்ணில் இருக்கிறது. மேய இடமில்லாமல் கூண்டிலடைத்து முழுத் தீவனமும் கடையில் வாங்கிப் போட்டால், ஒரு கிலோ கறிக்கு அது தின்னும் தீவனம் பிராய்லரைப்போல் இரு மடங்கு ஆகும்; கைக்காசு போகும். வட்டியூர்க்காவிலோ பேரூர்க்கடையிலோ மதிலுக்குள் வளர்ப்பவர்களுக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. ஐதராபாத்திலுள்ள மத்திய கோழியின ஆராய்ச்சி இயக்ககம் கொடுத்த வனராஜா, கிராமப்பிரியா. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்ணுத்தி நிலையம் கொடுத்த கிராமஸ்ரீ. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி. எல்லாம் கொல்லைக்கென்றே உருவாக்கியவை. நிறத்திலும் நடையிலும் நாட்டுக்கோழிச் சாயல் இருக்கும், வளர்ச்சி அதைவிட விரைவு. இவற்றில் வனராஜா சேவல் கறிக்கு ஏற்றது. கிராமப்பிரியாவும் கிராமஸ்ரீயும் முட்டைப் பக்கம் சாய்ந்தவை. கேரளக் கோழி வளர்ச்சிக் கழகம் 1989இலிருந்து திருவனந்தபுரத்துப் பேட்டையில் இருந்துகொண்டு வீட்டுக்கோழித் திட்டங்களை நடத்திவருகிறது. குஞ்சு தேடுபவர்கள் அங்கே விசாரிக்கலாம். பத்துக் குஞ்சில் தொடங்குங்கள். சேவல்களைக் கூவத் தொடங்கும் வயதுக்குச் சற்று முன்னோ பின்னோ கறிக்கு எடுத்துவிட்டால் பக்கத்து வீட்டுத் தூக்கமும் கெடாது.

கறி நாள். இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய். முந்தின இரவே தீனியை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வைக்கிறார்கள், குடல் காலியாக இருந்தால்தான் கறி சுத்தம். இருட்டில் கம்பிலிருந்து எடுத்தால் கோழி சத்தம் போடாது, பதறாது. அப்படி எடுத்துப் பஞ்சாரத்தில் போட்டு மேலே சாக்கு மூடுகிறார்கள். பதறிய கோழியின் கறி விறைக்கும் என்பது பாட்டியின் பாடம், இறைச்சி அறிவியலின் பாடமும் அதுவே. காலையில் கூரான கத்தி, ஒரே இழுப்பு. செய்தவர் பாட்டியேதான். பிள்ளைகளை முன்னாலேயே ஓடைக்கு அனுப்பிவிட்டார். அந்த நேரம் யாரும் பேசவில்லை.

பிறகு மறுபடி கலகலப்பு! கொதிக்கும் தண்ணீர் கூடாது, தோல் வெந்து கிழியும். விரலை வைத்து உடனே எடுக்கும் சூட்டில் முக்கினால் இறகு கொத்தாக வரும். மிச்சமுள்ள மயிரைத் தென்னோலைத் தீயில் வாட்டுகிறார்கள். கரி படிந்த தோலில் மஞ்சளைத் தேய்த்துக் கழுவி, மறுபடி வாட்டுகிறார்கள். அந்த மணம் லயம் முழுக்கப் போகும், யார் வீட்டில் கோழி என்பது ஒளிக்க முடியாத செய்தி. தோலை உரிப்பதில்லை, தோலில்தான் ருசி. அக்கா இரைப்பையை வெட்டித் திறந்து காட்டினார். உள்ளே வெள்ளைக் கூழாங்கற்கள்! கோழிக்குப் பல் இல்லை. விழுங்கிய கல்லை வைத்துத் தானியத்தை அரைக்கிறது. உரசி உரசி மழமழவென்று வழுக்கிய அகத்தியமலைக் கற்கள் என் உள்ளங்கையில். ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மல்லி, வத்தல், மிளகு, தேங்காய் எல்லாம் தனித்தனியாக வறுபட்டு அம்மிக்குப் போயின. தேங்காயைச் செம்பொன்னிறம் தாண்டி, கருகுவதற்கு ஒரு நொடி முன் இறக்க வேண்டும். அந்த ஒரு நொடியில்தான் வறுத்தரைச்ச குழம்பு இருக்கிறது. சட்டியில் சின்ன உள்ளி, கறிவேப்பிலை, தேங்காயெண்ணெய். விறகடுப்பில் மெல்லிய தீ, ஒன்றரை மணிக்கும் மேல். ஐந்து வாரப் பிராய்லருக்கு இவ்வளவு நேரம் கொடுத்தால் நாராகிப்போகும். மாதக்கணக்கில் மலைச்சரிவில் ஓடிய காலில் இணைப்புத்திசு உரமேறியிருக்கும். அது மெதுவான சூட்டில்தான் கரைந்து குழம்பில் இறங்கும். உதட்டில் லேசாக ஒட்டுகிறதே, அது அதுதான். மரச்சீனிக் கிழங்கின் மேல் அந்தக் குழம்பை ஊற்றியதும் நான் குறிப்பேட்டை மூடிவிட்டேன். எழுத வேண்டியது கையிலேயே இருந்தது.

இவ்வளவு மகிழ்ச்சிக்கும் நடுவில் பாட்டியை வாட்டும் ஒரே பயம் வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட் என்று மருத்துவர்கள் சொல்லும் நோய். வந்தால் ஒரு வாரத்துக்குள் லயத்துக் கூடுகள் எல்லாம் காலி. சீரகம், மிளகு, கீழாநெல்லி, மஞ்சள், பூண்டு அரைத்துக் கொடுப்பார்கள். உண்மையான காவல் தடுப்பு மருந்துதான். ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, நான்காம் வாரம் மறுபடி, எட்டாம் வாரம் இறக்கைக்கடியில் ஊசி. விலையும் சொற்பம். சிக்கல் குப்பியில் இருக்கிறது. சொட்டு மருந்தின் சின்னக் குப்பியே நூறு கோழிக்கு. குளிரிலேயே வைத்துக் கொண்டுவர வேண்டும். கலந்த பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். எட்டுக் கோழி வைத்திருக்கும் ஒரு பெண் மலையிறங்கி விதுரா போய் அதை வாங்கி என்ன செய்வார்? அதனால் போடாமல் விடுகிறார், ஒரு மழைக்காலத்தில் எல்லாவற்றையும் இழக்கிறார். மலைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், பிப்ரவரி மாதம் இருவார முகாம் நடத்தி ஊர் ஊராகப் போய்க் கோழிக்கழிச்சல் தடுப்பூசி போடுகிறார்கள். எனக்குத் தெரிந்து கொல்லைக்கோழிக்கு ஒரு அரசு செய்யக்கூடிய மிக உருப்படியான உதவி அது. லயங்களுக்கும் காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்கும் அப்படி ஒரு முகாம் ஆண்டுதோறும் ஏறி வர வேண்டும்.

நகரத்தில் இருப்பவர்களுக்கும் இந்த நோய்ப் பயம் பொருந்தும். 2023 ஜனவரியில் திருவனந்தபுரம் மாவட்டத்து அழூர் ஊராட்சியில் பறவைக்காய்ச்சல் உறுதியானபோது, சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் வீட்டில் வளர்த்த பறவைகளையும் சேர்த்தே அழித்தார்கள். நம் கூட்டின் நலம் நம் மதிலோடு முடிவதில்லை. கூட்டம் கூட்டமாகச் செத்தால் மறைக்காமல் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். செத்ததை ஓடையில் எறியாதீர்கள், சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். கூட்டுக்குப் போக ஒரு தனிச் செருப்பு வைத்துக்கொள்ளுங்கள். காட்டை ஒட்டி இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், நம் கோழியின் நோய் காட்டுக்கோழிக்கும் போகக்கூடும். அந்தப் பறவையை வேட்டையாட 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடை போட்டிருக்கிறது. நோயிலிருந்து அதைக் காப்பது நம் கையில்.

ஆகவே குஞ்சு வாங்கப் போகும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் தெருவில், உங்கள் லயத்தில் யார் யார் வீட்டில் எத்தனை கோழி என்று கேட்டு எழுதுங்கள். மொத்தம் நூறை நெருங்கினால் அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்குப் போய், ஒரே நாள், ஒரே குப்பி என்று பேசி நாள் குறியுங்கள். கூட்டுக்கு ஆணி அடிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.